வடக்கு எந்தப் பக்கம், டீச்சர்?

முதல் நாள்: கிரீனிச்

ஐந்தாம் வகுப்பில் உலக உருண்டையை எடுக்கும் ஒவ்வொரு வருடமும் ‘கிரீனிச்’ என்று கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் சேர்ந்து சத்தமாகப் படிப்பார்கள். அடுத்த வரிக்குப் போய்விடுவோம். இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓடிவிட்டது. இன்று அதே ஊரில், பூஜ்யம் டிகிரி தீர்க்கக்கோட்டைக் காட்டத் தரையில் பதித்த உலோகப் பட்டையின் இரு பக்கமும் கால் வைத்து நிற்க, வரிசையில் என் முறைக்குக் காத்திருந்தேன்.

நமக்குக் கோடை விடுமுறையாக இருக்கும் மே மாதத்தில் இங்கிலாந்தில் பள்ளிகள் நடக்கின்றன. ஷெஃபீல்டில் வளர்ந்து அங்கேயே வேலை பார்க்கும் என் தங்கை மகள்தான் இதைச் சொல்லி என்னைக் கிளப்பினாள். “பெரியம்மா, உங்களுக்கு அரண்மனை எல்லாம் வேண்டாம். நேரா பள்ளிக்கூடத்துக்கே கூட்டிட்டுப் போறேன்.” என்னை நன்றாகத் தெரிந்தவள்.

எனக்கு முன்னால் மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒரு பள்ளிக் கூட்டம். எட்டு, ஒன்பது வயது இருக்கும். எல்லோரும் கோட்டில் நின்று படம் எடுத்து முடித்ததும் அவர்களுடைய ஆசிரியர் நாலு பேரிடம் ஆளுக்கொரு ஜிபிஎஸ் கருவியைக் கொடுத்து, தீர்க்கக்கோட்டின் எண்ணைப் படிக்கச் சொன்னார். பூஜ்யம் வரவில்லை. பூஜ்யம் டிகிரி, பூஜ்யம் நிமிடம், 5.3 விநாடி மேற்கு என்று காட்டியது. “அப்படியானால் பூஜ்யம் எங்கே இருக்கிறது? போய்த் தேடுங்கள்” என்றார் அவர். மொத்தக் கூட்டமும் கிழக்கே நடந்தது. வெட்கத்தை விட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.

102 மீட்டர் தள்ளி, பூங்காவின் புல்வெளியில், எந்தக் கோடும் இல்லாத இடத்தில் கருவி பூஜ்யம் காட்டியது. ஒருவரும் அங்கே வரிசையில் நிற்கவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? 1851இல் ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர் இங்கே நிறுவி, கோட்டின் இடத்தை நிர்ணயித்த தொலைநோக்கி, அந்த இடத்தில் புவியீர்ப்பு இழுக்கும் திசையைச் செங்குத்தாக எடுத்துக்கொண்டது. நிலத்தின் நிறை எங்கும் ஒன்றுபோல் பரவியிருப்பதில்லை. அதனால் அந்தச் செங்குத்து துளி சாய்ந்திருக்கிறது. செயற்கைக்கோள்களோ பூமியின் மையத்திலிருந்து கணக்குப் போடுகின்றன. ஆசிரியர் இவ்வளவும் சொல்லவில்லை. “அப்போ எது நிஜக் கோடு?” என்று ஒரு சிறுமி கேட்டதும், “எது நிஜம் என்பதை விட்டுவிட்டு, யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டுப் பாரேன்” என்று மட்டும் சொன்னார். நோட்டில் எழுதிக்கொண்டேன். இந்தக் கேள்வி இந்தப் பயணம் முழுக்க என் கூடவே வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

முடிவு செய்தவர்கள் 1884இல் வாஷிங்டனில் கூடிய 25 நாட்டுப் பிரதிநிதிகள். 22 நாடுகள் கிரீனிச்சுக்குக் கை தூக்கின, ஒரு நாடு எதிர்த்தது, பிரான்சும் பிரேசிலும் ஒதுங்கிக்கொண்டன. பிரான்ஸ் 1911 வரை பாரிஸை விடவில்லை. விட்டபோதும் சட்டத்தில் கிரீனிச் பெயரை எழுத மனம் வராமல், ‘பாரிஸ் நேரத்தில் 9 நிமிடம் 21 விநாடி குறைத்தது’ என்று எழுதிக்கொண்டார்கள். மாமியார் பெயரைச் சொல்லாத மருமகள் கதைதான். நம் பக்கத்திலும் ரயில்கள் ஒரு காலத்தில் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. 1906இல்தான் 82½ டிகிரியை வைத்து இன்றைய இந்திய நேரம் வந்தது. இதையெல்லாம் வகுப்பில் ஒரு கதையாகக்கூட நான் சொன்னதில்லை.

ஒரு மணிக்கு மேல்மாடத்துச் சிவப்புப் பந்து விழுந்தது. 1833இலிருந்து விழுகிறது, தேம்ஸில் நின்ற கப்பல்கள் கடிகாரம் சரிபார்ப்பதற்காக. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும்தான்.

இரண்டாம் நாள்: லண்டன் – ஷெஃபீல்டு

காலையில் டிரூரி லேன் பக்கம் சுற்றினேன். 1760களில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற படக்கடைக்காரர் இந்த வட்டாரத்தில்தான் வரைபடங்களை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லை நெடுக அறுத்து, பிள்ளைகள் சேர்த்து விளையாடட்டும் என்று விற்றார். இன்றைய ஜிக்சாவின் தாத்தா அது. அவர் கடை இருந்த ரஸ்ஸல் கோர்ட் சந்தைத் தேடினேன், அகப்படவில்லை.

அருமையான யோசனைதான், ஆனாலும் ஒரு குறை நெருடுகிறது. துண்டுகள் எல்லாம் ராஜ்ஜியங்கள். எல்லை எங்கே ஓடுகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும், ஆறு எங்கே ஓடுகிறது என்று தெரியாது. மாநிலங்களுக்கு வண்ணம் தீட்டச் சொல்லும் என் வீட்டுப்பாடமும் இதே ரகம்தான்.

மாலை ரயில். ஷெஃபீல்டு நிலையத்தில் இறங்கியதும் தங்கை மகள், “பெரியம்மா, நீங்க இப்ப ஆத்து மேல நிக்கிறீங்க” என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள்: ஷெஃபீல்டு, பள்ளி

காலை ஐந்து மணிக்குச் சூரியன் வந்துவிட்டது. ஜன்னலில் அது எட்டிப்பார்த்த இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்தால், கிழக்கிலிருந்து முப்பது டிகிரிக்கும் மேலே வடக்கே தள்ளி உதித்துக்கொண்டிருக்கிறது.

“காலையில் சூரியனைப் பார்த்து நில். முகத்துக்கு நேரே கிழக்கு, இடக்கைப் பக்கம் வடக்கு.” எத்தனை பிள்ளைகளைக் கை நீட்டி நிற்க வைத்திருக்கிறேன்! இந்த ஊரில் அப்படி நின்றால் ஜூனில் கிழக்கு என்று கிட்டத்தட்ட வடகிழக்கைக் காட்டுவோம். நம்மூரிலும் இந்தப் பாடம் முழு உண்மையாவது மார்ச் 20ஐயும் செப்டம்பர் 22ஐயும் ஒட்டித்தான். பள்ளி திறக்கும் ஜூனில் நம் சூரியனும் 23, 24 டிகிரி விலகித்தான் உதிக்கிறது. ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்கவிடாமல்தான் நடத்தியிருக்கிறேன் போலிருக்கிறது.

பள்ளியில் பெயர் எழுதி, கழுத்தில் வருகையாளர் அட்டை மாட்டி, பிள்ளைகளைப் படம் எடுக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகே உள்ளே விட்டார்கள். ஆறாம் வகுப்புக்கு அந்த வாரம் தேசியத் தேர்வு. அந்தப் பக்கம் பேசக்கூட வேண்டாம் என்று கதவில் தாள் ஒட்டியிருந்தது. புவியியல் பொறுப்பு ஏற்றிருக்கும் ஆசிரியை என்னை இரண்டாம் வகுப்புக்கு அழைத்துப் போனார். ஆறேழு வயதுப் பிள்ளைகள்.

பத்து மணிக்கு எல்லோரும் மைதானத்தில். இரண்டிரண்டு பேராக நின்று, ஒருவர் நிழலை மற்றவர் சாக்கட்டியால் தரையில் வரைய வேண்டும். நின்ற இடத்தில் கால் தடத்தையும் வரைந்து பெயர் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு மணிக்கும் திரும்பி வந்து அதே தடத்தில் நிற்கப்போகிறார்கள். அவ்வளவுதான் பாடம். ஆசிரியை ‘வடக்கு’ என்ற சொல்லையே எடுக்கவில்லை. “நிழல் எப்போது மிகச் சின்னதாக இருக்கும்?” என்று மட்டும் கேட்டார். எல்லோரும் பன்னிரண்டு மணி என்றார்கள். நானும் மனதுக்குள் அதைத்தான் சொன்னேன்.

பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. ஒரு மணி நிழல்தான் எல்லாவற்றிலும் குட்டை. ஒரு பையன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “அப்போ கடிகாரம் பொய் சொல்லுது” என்றான். ஆசிரியை அவனைத் திருத்தவில்லை. “கடிகாரத்தை யாராவது நகர்த்தியிருப்பார்களோ?” என்றார். அப்புறம்தான் மார்ச் கடைசியில் இந்த நாடு மொத்தமும் முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிய கதை வந்தது. குட்டை நிழல்கள் எல்லாம் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்துக்குப் பெயர் உண்டா என்று கேட்டபோது மூன்று மணி நேர உழைப்பின் கூலி போல வந்து விழுந்தது ‘வடக்கு’. அதற்கு அப்புறமே திசைகாட்டிகளை வெளியே எடுத்தார்.

என் முறை வந்தது. எங்கள் ஊரில் இந்த மாதம் உச்சிவேளை நிழல் தெற்கே விழும் என்றேன். நம்பவில்லை. ஏப்ரலில் ஒரு நாள், ஆகஸ்ட் பின்பாதியை ஒட்டி ஒரு நாள், தலைக்கு நேர்மேலே சூரியன் நிற்கும். நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இருக்காது என்றேன். “நிழலே இல்லையா? பேய் மாதிரியா?” என்று முதல் வரிசைச் சிறுமி கண்ணை அகல விரித்தாள். நம் பிள்ளைகள் வருடத்தில் இரண்டு முறை பேயாகிறார்கள் என்பதை அவர்களிடம் நான் சொன்னதில்லையே என்று எனக்கு வலித்தது. ஏப்ரல் நாள் ஆண்டுத் தேர்வு நேரத்தில் வந்து போய்விடும். ஆகஸ்ட் நாளைப் பிடித்துவிடலாம்.

மதியம் நான்காம் வகுப்பு. பழைய ஷெஃபீல்டு வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காணாமல்போன ஆற்றைத் தேடினார்கள். தங்கை மகள் விளையாடவில்லை. இந்த ஊருக்குப் பெயர் கொடுத்த ஷீஃப் ஆறும் போர்ட்டர் ஓடையும் ரயில் நிலையத்துக்கு அடியில் குகைபோன்ற கால்வாய்களில் சேர்ந்து ஓடுகின்றன. மேலே நாம் பயணச்சீட்டு வாங்குகிறோம். கட்டங்களின் எண்ணைப் படிக்கும்போது பிள்ளைகள் முணுமுணுக்கும் மந்திரம் ஒன்று காதில் விழுந்தது: முதலில் தாழ்வாரத்தில் நட, அப்புறம் மாடிப்படி ஏறு. கிழக்கே எத்தனை, பிறகு வடக்கே எத்தனை என்பதற்கு. திசைகளின் வரிசைக்கு இன்னொன்று: ‘நெவர் ஈட் ஷ்ரெடட் வீட்’. நார்த், ஈஸ்ட், சவுத், வெஸ்ட். அந்தத் தானியப் பண்டத்தைச் சாப்பிடாதே என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தும் அது இன்னும் கடைகளில் விற்றுக்கொண்டுதான் இருக்கிறதாம்.

பள்ளி முகப்பில் ஒரு சின்ன முத்திரை ஒட்டியிருந்ததைப் போகும்போதுதான் கவனித்தேன். தொடக்கப் பள்ளிப் புவியியலுக்கான தர முத்திரை. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி. கொடுப்பது ஜியாகிரஃபிக்கல் அசோசியேஷன். 1893இல் சில பள்ளி ஆசிரியர்கள், பாடத்துக்கு வேண்டிய, விளக்கு வைத்துத் திரையில் காட்டும் படங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதற்காகத் தொடங்கிய சங்கம். அலுவலகம் இதே ஷெஃபீல்டில்தான் இருக்கிறது. முத்திரைக்கு மதிப்பெண் பட்டியல் அனுப்ப முடியாது. உங்கள் பள்ளியில் புவியியல் எப்படி நடக்கிறது என்று நீங்களே எழுதி, பிள்ளைகளின் வேலைகளைச் சாட்சியாக வைக்க வேண்டும். “எழுத உட்கார்ந்த பிறகுதான் நாங்கள் எதைச் செய்யவில்லை என்று தெரிந்தது” என்றார் அந்த ஆசிரியை. தங்கமா வெள்ளியா என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொன்ன விதத்திலிருந்து, தப்பான கேள்வி கேட்டுவிட்டேன் என்று புரிந்துகொண்டேன்.

கொண்டாட்டம் அவசியம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலமும் கணக்கும் நாளை விழுங்கிவிடும் தொடக்கப் பள்ளியில் முதலில் பட்டினி கிடப்பது இந்தப் பாடம்தான். பள்ளிகளைச் சோதிக்கும் ஆஃப்ஸ்டெட் 2011இல் தந்த அறிக்கையில், பார்த்த தொடக்கப் பள்ளிகளில் பத்தில் ஒன்றில் புவியியல் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. 2023இல் வந்த அறிக்கை, களப்பணி பெரும்பாலான பள்ளிகளில் போதவில்லை என்றது. ஆகவே மைதானத்தில் சாக்கட்டியோடு மூன்று மணி நேரம் செலவழிக்கும் ஒருவரைப் பார்த்தால் தட்டிக்கொடுத்துவிட வேண்டும்.

கிளம்பும்போது அவர் ஒரு அலமாரியைத் திறந்தார். பழைய படத் தொகுப்பு ஒன்றை எடுத்து, “இது உங்கள் பக்கத்து ஊர்தானே?” என்றார். அட்டையில் ‘செம்பக்கொல்லி’. எனக்குப் பேச்சு வரவில்லை.

நான்காம் நாள்: ஷெஃபீல்டு, மழை

நேற்று இரவு அந்தப் பெயரைச் சொன்னதும் தங்கை மகள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

“அய்யோ, செம்பக்கொல்லியா! இன்னும் வச்சிருக்காங்களா? எங்க வகுப்புல ஒரு டெர்ம் முழுக்க அதான் பெரியம்மா. கிளாஸ்ல நான் ஒருத்திதான் இந்தியப் பொண்ணு. ‘உங்க வீடும் இப்படித்தானா? நீ தண்ணிக்கு எவ்வளவு தூரம் நடப்பே?’ன்னு எல்லாரும் கேட்டாங்க. எனக்கு அந்த ஊரு எங்க இருக்குன்னே தெரியாது. அம்மாகிட்ட கேட்டா அவங்களுக்கும் தெரியாது.”

கூடலூர்ப் பக்கத்து ஆதிவாசிக் கிராமம் அது. ஆக்‌ஷன் எய்டு என்ற தொண்டு நிறுவனம் 1990களில் அந்த ஊரை வைத்துத் தயாரித்த பாடத் தொகுப்பு பிரிட்டன் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளில் பரவியது. இங்கே பாடத்திட்டம் ஏழு வயதுக்குள் சொந்த நாட்டின் ஒரு சிறு பகுதியையும், ஐரோப்பாவுக்கு வெளியே மாறுபட்ட ஒரு சிறு பகுதியையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது. சென்னையையோ தில்லியையோ அறியாத எத்தனையோ வெள்ளைக்காரப் பிள்ளைகள் செம்பக்கொல்லியை அறிந்து வளர்ந்திருக்கிறார்கள். நீலகிரிக்கு வெளியே தமிழ்நாட்டில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்போம்?

எட்டு வயதில் அவள் பட்ட கூச்சத்துக்கு அந்த ஊர் காரணமில்லை. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வேறு படம் எதுவும் வைக்கப்படாததுதான் காரணம். அவள் படித்தது வேறு பள்ளி.

இன்று என்னை மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். நான்காம் வகுப்பு ஆசிரியை அந்தத் தொகுப்பிலிருந்து ஒரே ஒரு படத்தை எடுத்து, பெரிய தாளின் நடுவில் ஒட்டியிருந்தார். ஒரு வீடு, வாசலில் மனிதர்கள். படத்தைச் சுற்றித் திசைகாட்டி ரோஜா. ஆனால் நான்கு எழுத்துக்கும் வேறு பொருள். வடக்கின் ‘என்’ எழுத்து ‘நேச்சுரல்’, இயற்கை. கிழக்கின் ஈ ‘எகனாமிக்’, பிழைப்பு. தெற்கின் எஸ் ‘சோஷியல்’, மனிதர்களும் உறவுகளும். மேற்கின் டபிள்யூ ‘ஹூ டிசைட்ஸ்’, யார் முடிவு செய்கிறார்கள். பர்மிங்காம் பக்கத்து ஆசிரியர் குழு ஒன்று 1990களில் உருவாக்கியதாம். பிள்ளைகள் பதில் எழுதக்கூடாது, கேள்வி மட்டும்தான் எழுத வேண்டும்.

நான் நம் திணைகளை நினைத்துக்கொண்டேன். நிலமும் பொழுதும், மரமும் தொழிலும் பறையும், அப்புறம் மனசு. முதல் மூன்று எழுத்துக்கும் நம்மிடம் ஈடு இருக்கிறது. டபிள்யூவுக்குத்தான் தேடினேன், கிடைக்கவில்லை.

கேள்விகள் குவிந்தன. கூரை எதனால் ஆனது? மழை பெய்தால் ஒழுகுமா? அவர்கள் சிரிக்கவில்லையே, வெயிலாலா, படம் எடுப்பவரைப் பிடிக்கவில்லையா? அந்தக் காடு யாருடையது? இந்தப் படத்தை எடுக்க யார் அனுமதி கொடுத்தார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்டது மூலையில் உட்கார்ந்திருந்த, அதுவரை வாயே திறக்காத பையன்.

பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ‘நான் அந்த ஊருக்குப் போனதே இல்லை’ என்று சொல்ல வேண்டியதாயிற்று. பேருந்தில் கூடலூரைக் கடந்திருக்கிறேன், அவ்வளவே. தெரிந்ததைச் சொன்னேன்: பணியர், காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர் என்று பல சமூகங்கள், அவரவருக்குச் சொந்த மொழி, தமிழ்கூட அவர்களில் பலருக்கு வெளியார் மொழிதான். காடு யாருடையது என்ற கேள்விக்கு, அதற்காகவே 1969இல் சட்டசபை ஒரு சட்டம் போட்டது, அதன் வழக்கு பல பத்தாண்டுகள் இழுத்தது, 2006இல் நாடு முழுமைக்கும் வன உரிமைச் சட்டம் வந்தது, கேள்வி இன்னும் தீரவில்லை என்றேன். “எங்கள் ரயில் நிலையத்து ஆறு மாதிரி, கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது” என்றாள் ஒருத்தி. நேற்றுப் படித்த பாடம்!

பாடம் முடிவில் ஆசிரியை இன்னொரு படத்தை ஒட்டினார். இந்தப் பள்ளி இருக்கும் தெருவின் படம். சுற்றிலும் அதே நான்கு எழுத்துகள். இங்கே யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்விக்கு வகுப்பு தடுமாறியது, செம்பக்கொல்லிக்குத் தடுமாறியதைவிட அதிகமாக.

ஐந்தாம் நாள்: ஆம்பிள்சைடு

ரயிலில் விண்டர்மியர், அங்கிருந்து 555ஆம் எண் பேருந்து. இங்கிலாந்தின் மிகப் பெரிய ஏரி இடது கைப் பக்கம் கூடவே வந்தது.

சார்லட் மேசன் 1892இல் ஆசிரியைகளைப் பயிற்றுவிக்க இந்த ஊரில்தான் பள்ளி தொடங்கினார். கல்லறையும் இங்கே, புனித மரியாள் கோயில் தோட்டத்தில் இருக்கிறது. பிள்ளைக்கு முதல் புவியியல் புத்தகத்தில் வேண்டாம், வெளியே வேண்டும் என்றவர். வாத்துக் குளம் ஒன்று ஏரியைக் காட்டும், சின்ன வாய்க்கால் ஒன்று பெரிய நதிகளை எல்லாம் விளக்கிவிடும் என்று 1886லேயே எழுதினார். கல்லறையில் ஐந்து நிமிடம் நின்றேன். மீதி நாள் முழுக்க ஓடையில்தான்.

வேறு ஊரிலிருந்து களப்பயணம் வந்த ஐந்தாம் வகுப்பு ஒன்று ஊருக்கு மேலே ஓடையில் இறங்கியிருந்தது. எல்லோருக்கும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கரையில் பத்து மீட்டருக்கு நாடா பிடித்து, மேல்முனையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை விட, கீழ்முனையில் ஒருவர் நிறுத்துகடிகாரத்தோடு நிற்பார். பந்து காற்றில் அலையும். ஆரஞ்சு பாதி முங்கி மிதப்பதால் தண்ணீர் போகும் வேகத்திலேயே போகும். நிறமும் கண்ணுக்குத் தப்பாது. தவறிப் போனாலும் ஓடைக்குக் கெடுதல் இல்லை. மூன்று காரணமும் ஆசிரியர் சொன்னதல்ல, “ஏன் ஆரஞ்சு?” என்று கேட்டு அவர்களிடமிருந்தே கறந்தார்.

நடுவில் விட்டது 19 விநாடி. கரையோரம் விட்டது 34 விநாடி, அதுவும் இரண்டு முறை கல்லில் சிக்கி. சிக்கியதைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று ஒரு சண்டை. “ஆத்துக்குக் கல்லும் சொந்தம்தானே” என்றான் ஒருவன், சேர்த்துக்கொண்டார்கள். வளைவுக்குப் போனதும் நடுவில் விட்ட ஆரஞ்சு வெளிப்பக்கக் கரைக்கு இழுபட்டது. அந்தக் கரை செங்குத்தாக அரித்துப்போய், வேர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. உள்பக்கம் கூழாங்கல் மேடு. வேகம் எங்கே அதிகமோ அங்கே அரிப்பு, எங்கே குறைவோ அங்கே படிவு. நான் இரண்டு வரியில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் பாடம். ஒரு சிறுமி உள்பக்கக் கூழாங்கல்லையும் வெளிப்பக்க மண்ணையும் இரண்டு கையில் எடுத்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆசிரியர் அவளை அவசரப்படுத்தவில்லை. நானாக இருந்தால் மணியைப் பார்த்திருப்பேன்.

நானும் இறங்கினேன். இரண்டாவது எட்டிலேயே வழுக்கி, இடுப்பு வரை நனைந்து உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் சிரிக்கலாமா கூடாதா என்று ஆசிரியர் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிரித்ததும் சிரித்தார்கள். கரையில் ஒரு துண்டு கிடைத்தது, கூடவே ஒரு விஞ்ஞானக் குறிப்பும்: “நீங்கள் விழுந்தது பாசி படிந்த கல். அங்கே தண்ணீர் மெதுவாகப் போகிறது.”

ஈரத்தோடு மழைப் பேச்சு வந்தது. இந்த மலைகளின் மறுபக்கம் இருக்கும் சீத்வெயிட்டில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டர் போல மழை. இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களில் மிக ஈரமானது அது. 2015 டிசம்பரில் ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் கொட்டியது, நாட்டின் சாதனை. நீலகிரியில் அவலாஞ்சி என்ற இடத்தில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது என்றேன். ஒருவன் கையிலிருந்த அளவுகோலைத் தரையில் ஊன்றி, ஒன்று போதாமல் மேலே இரண்டாவதையும் பிடிக்கச் சொல்லி, மூன்றாவதின் பாதிக்கு மேல் விரல் வைத்துக் காட்டினான். அவனுடைய இடுப்புக்கு வந்தது. அந்த எண்ணை இத்தனை நாள் நான் வெறும் எண்ணாகத்தான் வைத்திருந்தேன்.

ஆறாம் நாள்: எடின்பரோ

எல்லை தாண்டினால் பாடத்திட்டமும் மாறிவிடுகிறது. ஸ்காட்லாந்தின் தொடக்கப் பள்ளியில் புவியியல் தனிப் பாடம் இல்லை. சமூக அறிவியலுக்குள் ‘மக்கள், இடம், சூழல்’ என்று ஒரு கிளை. நல்லதா கெட்டதா என்று சொல்ல ஒரு பள்ளிக்காவது போயிருக்க வேண்டும். நேரமில்லை. வந்தது ஒரு கோபுரத்துக்காக.

கோட்டைக்குப் போகும் ஏற்றத்தில் நிற்கிறது நகரத் திட்டமிடல் அறிஞர் பேட்ரிக் கெடிஸின் அவுட்லுக் டவர். நம்மூர்க்காரர்களுக்கு முழுக்க அந்நியர் அல்ல. 1914இல் நகரக் கண்காட்சியோடு இந்தியாவுக்குக் கிளம்பினார். பொருள்களைக் கொண்டுவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னையைக் குண்டு போட்ட அதே எம்டன்தான். நண்பர்கள் மறுபடி சேகரித்து அனுப்பியதை வைத்து 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்திவிட்டு, மாகாணத்து ஊர்களை நடந்தே பார்த்து அறிக்கை எழுதினார்.

1892இல் இந்தக் கோபுரத்தை எடுத்து, அவர் அதை அடுக்கிய வரிசை அழகு. உச்சியில் ஊரை நேரே பார்க்கலாம். ஒரு மாடி கீழே இறங்கினால் எடின்பரோ, அதற்குக் கீழே ஸ்காட்லாந்து, பிறகு ஆங்கிலம் பேசும் நாடுகள், ஐரோப்பா, தரைத்தளத்தில் உலகம். நம் பாடநூல்கள் பிரபஞ்சத்தில் தொடங்கித் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் வருடம் முடிந்துவிடுகிறது. நடுவில் ஓர் இருட்டறையில் ஒரே ஒரு நாற்காலி போட்டிருந்தாராம், பார்த்ததை எல்லாம் உள்ளே வாங்கிக்கொள்ள. பள்ளிக்கு அப்படி ஒரு அறை கேட்டால் மாவட்ட அலுவலகத்தில் என்ன சொல்வார்கள் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன். அந்த மாடிகளில் இப்போது கண்கட்டு விளையாட்டுகள்தான். உச்சியில் மட்டும் பழைய இருட்டறைக் காட்சி மாறாமல் இருக்கிறது: கூரையில் ஒரு கண்ணாடி, வில்லைகள், கீழே வெள்ளை மேசை. நடந்துகொண்டிருக்கும் ஊர் அப்படியே மேசையில் விழுகிறது, சத்தமில்லாமல்.

தங்கை மகளுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்ததால் தெருவிலேயே நின்றுவிட்டாள். மேலே, கையில் ஒரு காகிதத் துண்டு கொடுத்தார்கள். மேசையில் அதைப் படியவைத்து மெல்லத் தூக்கினால், தெருவில் போகிறவர் காகிதத்தில் ஏறிக்கொள்வார். பக்கத்திலிருந்த குழந்தைகள் பேருந்துகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான் தேடித் தேடி, சுவரோரம் நீல மேலங்கியில் நின்ற என் பெண்ணைக் கண்டுபிடித்து, உள்ளங்கை உயரத்துக்குத் தூக்கினேன்.

கீழே வந்ததும் சொன்னேன். “உன்னைக் கையில தூக்கினேன்டி. பிறந்த அன்னைக்குத் தூக்கின மாதிரி.”

“அப்படியா? நான் எந்தத் திசையைப் பார்த்து நின்னேன், சொல்லுங்க பார்ப்போம்.”

கண்ணாடியைத் திருப்பத் திருப்ப மேசையில் ஊரும் திரும்பிக்கொண்டே இருந்தது. நான் கவனிக்கவில்லை. சுவரைப் பார்த்தேன், நிழலைப் பார்த்தேன். மணி இரண்டரை. இன்றைக்கு வெயில் இருக்கிறது.

“இரு,” என்றேன். “ஒரு குச்சி கிடைக்குமா பாரு.”